வெளிநாட்டுப் போன், உள்ளூர் சிம்: கால், ஹாட்ஸ்பாட், மேப் மக்கர் செய்தால் எங்கே கை வைப்பது?

பாரிஸிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது, நியூ ஜெர்சியிலிருந்து அக்கா கொடுத்தனுப்பியது, துபாயிலிருந்து மாமா வாங்கிவந்தது என்று புதுச்சேரி, கடலூர் வீடுகளில் வெளிநாட்டுப் போன்கள் நிறையவே புழங்குகின்றன. போன் நல்ல போன்தான். இங்கத்திய சிம்மைப் போட்டதும் ஒவ்வொன்றாகத் தகராறு தொடங்குகிறது. நெட் வரும், கால் போகாது. ஹாட்ஸ்பாட்டைத் தொட்டால் யாரையோ தொடர்புகொள்ளச் சொல்லும். மேப்பில் நீலப் புள்ளி நகரவே நகராது.

பெரும்பாலும் இது போனின் பழுது அல்ல. போனை விற்ற வெளிநாட்டு நிறுவனம், தன் நெட்வொர்க்குக்கு ஏற்றபடி சில வசதிகளைத் திறந்தும் சிலவற்றை மூடியும் எழுதிவைத்த ஒரு தொகுப்பு உள்ளே இருக்கிறது. கேரியர் புரொஃபைல் என்பார்கள். அது இங்கே பொருந்துவதில்லை. இன்னொரு பக்கம், சிம்மிலிருந்து நெட்டுக்குப் போகும் வழியைப் போனுக்குச் சொல்லும் ஏபிஎன் என்ற ஒரே ஒரு செட்டிங்கில் பல சிக்கல்கள் முடிச்சுப்போட்டுக் கிடக்கின்றன. ஹாட்ஸ்பாட்டைத் தடுப்பதும் அது, ஜிபிஎஸ்ஸைத் தாமதப்படுத்துவதும் பல நேரம் அது. அதனால் நோய் மேப்பில் தெரிந்தாலும் மருந்து சிம் மெனுவில் இருக்கக்கூடும்.

எதையும் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

*#06# அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைமாறி வந்த போன் என்றால், ஆங்கிலத்தில் கே-ஒய்-எம் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்த எண் இந்தியப் பதிவில் எந்த நிலையில் இருக்கிறது என்று பதில் வரும்.

அடுத்தது மாடல். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய் மாடல் நம்பரைப் பாருங்கள். சாய்கோட்டுக்கு முன் எல்எல் இருந்தால் அமெரிக்கா, ஹெச்என் இருந்தால் இந்தியா, வெறும் ஜே இருந்தால் ஜப்பான். சாம்சங்கில் மாடல் எண்ணின் கடைசி எழுத்து யு என்றால் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வழியாக விற்றது. யு1 என்றால் அமெரிக்காவில் பூட்டில்லாமல் விற்றது. சாம்சங்கில் இன்னொன்றும் பாருங்கள்: அபௌட் போன், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன், சர்வீஸ் புரொவைடர் சாஃப்ட்வேர் வெர்ஷன். அந்த வரியில் ஐஎன்எஸ் என்று இருந்தால் இந்தியத் தொகுப்பு. எக்ஸ்இஎஃப் என்றால் பிரான்ஸ், எஃப்டிஎம் என்றால் பிரான்சின் ஆரஞ்சு நிறுவனம், விஇசட்டபிள்யூ என்றால் அமெரிக்காவின் வெரிசான். போன் யாருடைய பேச்சைக் கேட்கிறது என்பது இந்த மூன்று எழுத்தில் இருக்கிறது.

மூன்றாவதாக, சிம்மை மாற்றிப் பாருங்கள். உங்கள் சிம்மை இங்கே வாங்கிய வேறொரு போனில் போடுங்கள்; வேறு நிறுவனத்தின் சிம்மை உங்கள் போனில் போடுங்கள். சிக்கல் சிம்மோடு போனால் ரீசார்ஜிலோ கணக்கிலோ கோளாறு. கஸ்டமர் கேரிடம் பேசுங்கள். போனிலேயே தங்கினால் கீழே படியுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஃபேக்டரி ரீசெட் அடித்துவிட்டு போட்டோவை இழந்து நிற்பவர்கள் அதிகம்.

"சிம் போட்டா சப்போர்ட் ஆகாதுன்னு வருது"

இது உண்மையான பூட்டு. ஐபோனில் அதே அபௌட் பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று இருந்தால் பூட்டு இல்லை. வேறு எது எழுதியிருந்தாலும் பூட்டு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் சிம் நெட்வொர்க் அன்லாக் பின் கேட்டு ஒரு கட்டம் வரும்.

பூட்டைத் திறக்கும் உரிமை, அதைப் போட்ட நிறுவனத்துக்குத்தான். பிரான்சில் வாங்கியது என்றால் வேலை சுலபம்: வாங்கி 3 மாதம் ஆனபின் வாடிக்கையாளர் கேட்டால் இலவசமாகத் திறந்துகொடுக்க வேண்டும் என்பது அங்கத்திய விதி. யார் பேரில் வாங்கியதோ அவர் கேட்க வேண்டும், ஆகவே சித்தப்பாவிடம் ஐஎம்இஐ எண்ணை அனுப்பி, அவருடைய கணக்குப் பக்கத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கப் போன் என்றால் பெரும்பாலும் தவணை முழுக்கக் கட்டி முடித்திருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தபட்ச நாள் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அக்கா இன்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஐபோனுக்கு அன்லாக் எண் என்று ஒன்று கிடையாது. நிறுவனம் அனுமதித்ததும் ஆப்பிளின் சர்வரில் பதிவு மாறும். போனை வைஃபையில் இணைத்துப் புது சிம்மைப் போட்டால் பூட்டு விலகும். ஆகவே "ஐபோனுக்கு கோடு தர்றோம், காசு அனுப்புங்க" என்று யார் சொன்னாலும் அனுப்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் பல போன்களுக்கு எண் உண்டு, ஆனால் சில முறைதான் தவறலாம். அதற்கு மேல் அந்தக் கட்டமே நிரந்தரமாக மூடிக்கொள்ளும். கையில் எழுத்துபூர்வமாக எண் வராதவரை அந்தக் கட்டத்தில் குத்துமதிப்பாக எதையும் அடிக்க வேண்டாம்.

சிம்முக்கு அடியில் மெல்லிய சில்லு ஒன்றை வைத்து பூட்டை ஏமாற்றும் ஆர்-சிம் சில கடைகளில் கிடைக்கும். அடுத்த ஐஓஎஸ் அப்டேட்டில் செத்துப்போகும் வாய்ப்பு அதிகம். வங்கி ஓடிபி வரும் எண்ணுக்கு அதை நம்பக் கூடாது. ஐஎம்இஐ எண்ணையே மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போனைக் கையிலேயே கொடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உள்ள குற்றம்.

தவணையில் வாங்கிய போன் கடன் பாக்கியால் பூட்டிக்கொண்டால் அது வேறு கதை. கடன் கொடுத்தவர்தான் திறக்க முடியும்.

"நெட் வருது, ஆனா கால் போகல"

வெளிநாட்டுப் போனில் மிக அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் வோல்டே. ஜியோ 2016ல் தொடங்கியதே 4ஜியில்தான். அதற்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேச்சும் டேட்டாவாகவே போக வேண்டும், அதற்குத்தான் வோல்டே. உங்கள் போனின் தொகுப்பில் அந்த இந்திய நிறுவனத்துக்கான வோல்டே திறக்கப்படவில்லை என்றால் வாட்ஸாப் ஓடும், யூடியூப் ஓடும், கால் மட்டும் போகாது. அதே போனில் ஏர்டெல் சிம்மைப் போட்டால் கால் போகும், ஏனென்றால் பேசும் நேரத்துக்கு மட்டும் 2ஜிக்கு இறங்கிவிடும். ஆனால் பேசி முடிக்கும்வரை நெட் நின்றிருக்கும், மேப்பும் உறையலாம். வழி காட்டிக்கொண்டிருந்த மேப், கால் வந்ததும் நின்றுவிடுகிறது என்று சொல்பவர்களுக்கும் விடை இதுதான்.

உறுதி செய்ய: ஒரு கால் போட்டு, திரையின் மேல் வரியைப் பாருங்கள். 4ஜி, எல்டிஇ அல்லது வோல்டே என்று அப்படியே நின்றால் சரி. இ என்றோ 2ஜி என்றோ மாறினால் வோல்டே இல்லை.

ஐபோனில் முதலில் வைஃபையில் இணைத்து, அபௌட் பக்கத்தைத் திறந்து ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். கேரியர் செட்டிங்ஸ் அப்டேட் என்று ஒரு பெட்டி வந்தால் அப்டேட் கொடுங்கள். பிறகு செல்லுலார் மெனுவில் உங்கள் சிம்மைத் தொட்டு, வாய்ஸ் அண்ட் டேட்டாவுக்குள் வோல்டேயை ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ் உள்ளே வோல்டே கால்ஸ் என்ற பட்டன் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழைய வெளிநாட்டு சிம்மையோ, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இசிம்மையோ எடுத்துவிட்டு, இந்திய சிம்மை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அமெரிக்க சாம்சங் போன்கள் உள்ளே இருக்கும் சிம்மைப் பார்த்துத் தொகுப்பை மாற்றிக்கொள்பவை. பழைய சிம் உள்ளேயே இருந்தால் அதன் சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கலாம். அதன்பின் சாஃப்ட்வேர் அப்டேட், அதற்கும் மசியாவிட்டால் ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ். இந்த ரீசெட்டில் போட்டோ, எண்கள் எதுவும் போகாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் மட்டும் அழியும்.

மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். போன் இன்ஃபர்மேஷன் உள்ளே வோல்டே புரொவிஷன்டு என்ற பட்டன் இருக்கும். சில போன்களில் மங்கலாகத் தொட முடியாமல் இருக்கும், அப்படியானால் விட்டுவிடுங்கள். அதே பக்கத்தில் நெட்வொர்க் வகையை எல்டிஇ ஒன்லி என்று வைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து யாரும் செய்ய வேண்டாம். நெட் வேகம் கூடியதுபோல் தோன்றும். வோல்டே இல்லாத போனில் அப்படி வைத்தால் உங்களுக்கு வரும் கால் எதுவும் அடிக்காது, 112க்கும் கால் போகாமல் போகலாம்.

எதற்கும் வோல்டே திறக்கவில்லை என்றால், அந்தப் போனில் 2ஜி வைத்திருக்கும் நிறுவனத்தின் சிம்மைப் போடுவதுதான் நேர்வழி. எண் மாறாமல் மாறிக்கொள்ளலாம்: ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ். வரும் குறியீட்டோடும் ஆதாரோடும் கடைக்குப் போங்கள். புதுச்சேரியும் கடலூரும் தமிழ்நாடு வட்டம் என்ற ஒரே தொலைத்தொடர்பு வட்டத்தில் இருப்பதால், எந்த ஊரில் மாற்றினாலும் ஒன்றுதான்.

பிஎஸ்என்எல்லுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதன் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது 28ஆம் பேண்ட் என்ற அலைவரிசையிலும் ஓடுகிறது. சில அமெரிக்க ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பேண்ட் இல்லை. பக்கத்து வீட்டில் நாலு கோடு காட்டும் இடத்தில் உங்களுக்கு ஒன்று காட்டினால், மாடல் எண்ணைப் போட்டு அந்தப் பேண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பேண்டை எந்த செட்டிங்காலும் வரவழைக்க முடியாது.

"வீட்டுக்குள்ள டவரே இல்ல"

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதி வீடுகளின் சுவர் தடிமனை நினைத்துப் பாருங்கள். வாசலில் நல்ல சிக்னல், உள்ளறையில் ஒன்றுமில்லை. அந்த வீடுகளுக்கு வைஃபை காலிங்தான் தீர்வு. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை. ஐபோனில் செல்லுலார் மெனுவில் வைஃபை காலிங். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸிலேயே இருக்கும். வோல்டே திறக்காத போனில் இதுவும் பொதுவாகத் திறக்காது, ஆகவே முதலில் மேலே சொன்னதை முடியுங்கள். ஆன் செய்தபின் கால் போட்டால் நெட்வொர்க் பெயருக்கு அருகில் வைஃபை என்று வர வேண்டும்.

"ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணா திட்டத்துல இல்லங்குது"

வெளிநாடுகளில் சில நிறுவனங்கள் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் காசு வாங்கின. அதனால் அவர்கள் விற்ற போனில், ஹாட்ஸ்பாட்டைத் தொட்டதும் "இவர் காசு கட்டியவரா" என்று கேட்டு உறுதிசெய்யும் வழக்கத்தைப் பொதித்து வைத்தார்கள். இந்திய சிம்மில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. போன் மறுத்துவிடுகிறது.

ஆண்ட்ராய்டில் ஏபிஎன்னைத் திருத்துங்கள். செட்டிங்ஸ், நெட்வொர்க், சிம்ஸ், ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ். பிளஸ் குறியைத் தொட்டுப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பழையதை அழிக்க வேண்டாம். பெயர் எதுவும் வைக்கலாம். ஏபிஎன் என்ற கட்டத்தில், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்: ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெலுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். யூசர்நேம், பாஸ்வேர்டு காலியாகவே இருக்கட்டும். புரோட்டோகால் என்ற இடத்தில் ஐபிவி4/ஐபிவி6 இரண்டும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஐபிவி4 மட்டும் வைத்தால் ஹாட்ஸ்பாட் இணைந்தும் லேப்டாப்பில் நெட் வராமல் போவது உண்டு.

இப்போது கீழே இறங்கி ஏபிஎன் டைப் என்ற வரிக்கு வாருங்கள். முக்கியமான இடம் இது. பல வெளிநாட்டுப் போன்களில் அங்கே டிஃபால்ட் என்ற ஒரு சொல் மட்டும் நிற்கும். அதை டிஃபால்ட், எஸ்யுபிஎல், டியுஎன் என்று மூன்றாக்குங்கள்: ஆங்கிலச் சிறிய எழுத்து, நடுவில் காற்புள்ளி, இடைவெளி கூடாது. டியுஎன் என்பதுதான் ஹாட்ஸ்பாட்டுக்கான அனுமதி. எஸ்யுபிஎல் எதற்கு என்பதை ஜிபிஎஸ் பகுதியில் சொல்கிறோம். மேலே மூன்று புள்ளியைத் தொட்டு சேவ் கொடுத்து, பட்டியலில் புதிய ஏபிஎன்னுக்கு எதிரே உள்ள வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஏரோப்ளேன் மோடை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். சேவ் கொடுக்காமல் பின்னால் வருவதும், வட்டத்தைத் தொட மறப்பதும்தான் "செஞ்சு பாத்தேன், வேலைக்கு ஆகல" என்பதற்குப் பொதுவான காரணங்கள்.

ஐபோனில் செல்லுலார் டேட்டா நெட்வொர்க் என்ற பக்கத்தின் அடியில் பர்சனல் ஹாட்ஸ்பாட் என்று தனிக் கட்டம் இருக்கும். அங்கேயும் அதே ஏபிஎன் பெயரை அடித்து ரீஸ்டார்ட் செய்தால், காணாமல் போன ஹாட்ஸ்பாட் மெனு திரும்பி வரும்.

ஹாட்ஸ்பாட் ஆன் ஆகியும் பழைய லேப்டாப்பில் பெயரே தெரியவில்லை என்றால் பேண்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஐபோனில் அதற்கு மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று பெயர். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தாலும் ஹாட்ஸ்பாட் மறுக்கும். ஏபிஎன் பக்கமே மங்கலாகப் பூட்டியிருந்தால் அது தொகுப்பின் வேலை. நெட்வொர்க் ரீசெட் ஒரு முறை செய்து பாருங்கள், அதற்கு மேல் அந்தப் போனில் வழி இல்லை.

"சிம் போட ஸ்லாட்டே இல்ல, ஓடிபியும் வரல"

2022ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் ட்ரே கிடையாது. இசிம்தான். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் தருகின்றன. ஏர்டெலில் ஆங்கிலத்தில் இசிம் என்று அடித்து, இடைவெளி விட்டு, பதிவு செய்த மின்னஞ்சலைச் சேர்த்து 121க்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் பதிவாகவில்லை என்றால் முதலில் அதைப் பதியுங்கள். க்யூஆர் கோடு வந்ததும் வைஃபையில் இருந்தபடி ஸ்கேன் செய்யுங்கள். சிம் மாறியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. போன் பழுதென்று அலைய வேண்டாம். அன்று பணம் கட்டும் வேலை இருந்தால் மறுநாள் மாற்றுங்கள்.

"மேப் திறந்தா புள்ளி வர அஞ்சு நிமிஷம் ஆகுது"

ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. ஒரு செயற்கைக்கோளின் துல்லிய விவரம் வந்து சேர 30 நொடி, எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயப் பட்டியலும் வர 12.5 நிமிடம். நடுவில் ஒரு மரமோ மாடியோ மறைத்தால் அந்தத் துண்டை மறுபடி கேட்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் அந்த விவரத்தை நெட் வழியாகச் சில நொடியில் இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாட்டின் பெயர்தான் எஸ்யுபிஎல். ஏபிஎன் டைப்பில் அந்தச் சொல் இல்லாதபோது, போன் அந்த உதவியைக் கேட்க வழியில்லாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஹாட்ஸ்பாட்டுக்காகத் திருத்திய அதே வரி இங்கேயும் வேலை செய்கிறது.

ஏபிஎன்னைத் திருத்தியபின் பழைய விவரத்தைத் துடைக்க வேண்டும். ஜிபிஎஸ் ஸ்டேட்டஸ் அண்ட் டூல்பாக்ஸ் என்ற செயலியில் மேனேஜ் ஏ-ஜிபிஎஸ் ஸ்டேட் என்ற மெனு இருக்கிறது. முதலில் ரீசெட், பிறகு டவுன்லோட். மொபைல் டேட்டா ஆனில் இருக்கட்டும். பிறகு கடற்கரைச் சாலையிலோ, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ, வானம் முழுக்கத் தெரியும் இடத்தில் போனை அசைக்காமல் மூன்று நிமிடம் பிடித்திருங்கள். நடந்துகொண்டே பார்க்கக் கூடாது.

திரையில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு கோடும் எண்ணும் வரும். அந்த எண் சிக்னலின் பலம். 35க்கு மேல் ஐந்தாறு கோடுகள் நின்றால் ரிசீவர் நன்றாக இருக்கிறது. இடம் கணிக்க நான்கு போதும். திறந்த வெளியிலும் எல்லாமே 20, 22 என்று கிடந்தால் முதலில் பின்கவரைக் கழற்றுங்கள், உலோக ரிங் ஸ்டாண்டு ஒட்டியிருந்தால் அதையும். கழற்றியும் ஏறவில்லை என்றால் ஆன்டெனாவில் கோளாறு. டிஸ்ப்ளேயோ பின்கண்ணாடியோ மாற்றியபின் இது தொடங்கியிருந்தால், ஆன்டெனா தொடும் உலோக நாக்கு சரியாக உட்காரவில்லை என்று கடையில் குறிப்பாகச் சொல்லுங்கள். திறந்து அதை நிமிர்த்தினாலே சரியாவது உண்டு. ஜிபிஎஸ் ஐசி போய்விட்டது என்ற பேச்சுக்கு அதற்கு முன் போக வேண்டாம்.

"புள்ளி பக்கத்துத் தெருவுல நிக்குது, அம்பு பின்பக்கம் காட்டுது"

இவை இரண்டு வேறு சிக்கல்கள். புள்ளி தாவினால் லொகேஷன் அக்யுரசி அணைந்திருக்கலாம். செட்டிங்ஸ், லொகேஷன், லொகேஷன் சர்வீசஸ் உள்ளே அதை ஆன் செய்து, வைஃபை ஸ்கேனிங்கையும் ஆன் செய்யுங்கள். ஐபோனில் லொகேஷன் சர்வீசஸ் உள்ளே மேப் செயலியைத் தொட்டு ப்ரிசைஸ் லொகேஷனைப் பாருங்கள். அது அணைந்திருந்தால் உங்களைச் சுற்றி ஊரளவு பெரிய வட்டம் போட்டுவிட்டு நிற்கும்.

அம்பு தவறாகத் திரும்பினால் திசைகாட்டிக் கோளாறு. காந்தம் வைத்த பைக் ஹோல்டரும் ஃபிளிப் கவரும்தான் முதல் குற்றவாளிகள். அவற்றிலிருந்து எடுத்து, காற்றில் எட்டு எழுதுவதுபோல் நாலைந்து முறை சுழற்றுங்கள். கூகுள் மேப்பில் நீலப் புள்ளியைத் தொட்டால் கேலிப்ரேட் வரும்; கேமராவைக் கட்டடங்கள் மேல் திருப்பச் சொல்லும். நேர்வரிசையாக வெட்டிக்கொள்ளும் புதுச்சேரி வீதிகளில் நடப்பவர்களுக்கு இது நன்றாகவே உதவும், ஏனென்றால் அங்கே அம்பு தவறினால் ஒரு வீதி தள்ளித்தான் தெரியவரும்.

"ஸ்க்ரீன் அணைஞ்சதும் வழி சொல்றது நின்னுடுது"

பேட்டரி சேவர். ஷாவ்மியில் ஆப் இன்ஃபோ போய் மேப்புக்கு நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ். சாம்சங்கில் ஸ்லீப்பிங் ஆப்ஸ் பட்டியலிலிருந்து மேப்பை நீக்குங்கள்.

"சேர்ற நேரம் தப்பா காட்டுது, மைல்ல பேசுது"

பிரெஞ்சு சிம்மை ஓடிபிக்காக வைத்திருப்பவர்கள் டைம் சோனைப் பாருங்கள். பாரிஸ் நேரத்திலேயே நின்றிருந்தால் சேரும் நேரம் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் காட்டும். ஆட்டோமேட்டிக் டைம் சோனை ஆன் செய்யுங்கள். டேட்டாவுக்கு இந்திய சிம் தேர்வாகி இருக்கிறதா, பிரெஞ்சு சிம்மில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் மேப் பார்த்த கணக்கு யூரோவில் வரும். மைல் கணக்கை மேப் செட்டிங்ஸில் டிஸ்டன்ஸ் யூனிட்ஸில் கிலோமீட்டராக்கலாம். குரலின் மொழியும் அங்கேதான்.

"மேப் வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு"

இங்கே போன் மேல் பழி இல்லை. நம் ஊர்ப் பெயர்கள் அப்படி. கடலூர் ரயில் நிலையம் என்று வெறுமனே தேடாதீர்கள். ஊருக்குள் இருப்பது திருப்பாதிரிப்புலியூர் நிலையம். முதுநகர்ப் பக்கம் இருப்பது கடலூர் துறைமுகச் சந்திப்பு. சில கிலோமீட்டர் இடைவெளி. டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நிலையப் பெயரைப் பார்த்து அதையே அடியுங்கள். புதுப்பாளையம் என்றால் கடலூர் நகரத்துக்குள்ளும் உண்டு, திருவண்ணாமலை மாவட்டத்திலும் உண்டு. பெயரோடு பின்கோடைச் சேர்த்துத் தேடினால் பாதித் தவறு குறையும்: மஞ்சக்குப்பத்துக்கு 607001, புதுச்சேரி நகருக்கு 605001.

பின்கோடிலும் ஒரு சிக்கல் உண்டு. பாகூர், பிள்ளையார்குப்பம் பகுதிகள் புதுச்சேரியைச் சேர்ந்தவை, பின்கோடு மட்டும் கடலூரைப்போல் 607ல் தொடங்கும். மாநிலத்தைத் தமிழ்நாடு என்று குறித்த முகவரியை நம்பி வரும் டெலிவரி ஊழியர் சுற்றிச் சுற்றி வருவதற்கு இதுவும் காரணம். புதுச்சேரியில் ஒரே வீதிக்குத் தமிழ்ப் பெயர், பிரெஞ்சுப் பெயர் இரண்டும் பலகையில் இருக்கும். மேப்பில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதை அடித்துப் பாருங்கள். கூபேர் அவென்யூ என்றாலும் கடற்கரைச் சாலை என்றாலும் இடம் ஒன்றே.

உறுதியான வழி: உங்கள் வீட்டு வாசலில் நின்று மேப்பில் விரலை அழுத்திப் பிடியுங்கள். வரும் பிளஸ் கோடை நகலெடுத்து வைத்துக்கொண்டு, விருந்தாளிக்கும் ஆட்டோக்காரருக்கும் அதையே அனுப்புங்கள். அஞ்சல் துறை 2025ல் கொண்டுவந்த டிஜிபின்னும் இதே வகை. சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்துக்கு ஒரு பத்து எழுத்துக் குறி. பைக்கில் போகிறவர்கள் டூ வீலர் குறியைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

"நெட் இல்லாதப்ப மேப்பே இல்ல"

2011 டிசம்பர் 30ல் தானே புயல், 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல். இரண்டுமே இந்தக் கரையில்தான் ஏறின. கரண்ட் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்தபின் எந்த நிறுவனத்தின் சிம்மும் ஒன்றுதான். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால், வீட்டு வைஃபையில், கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு ஆஃப்லைன் மேப்ஸ் போங்கள். திண்டிவனத்திலிருந்து சிதம்பரம் வரை, மேற்கே விழுப்புரம், பண்ருட்டி அடங்கும்படி கட்டத்தை இழுத்து டவுன்லோட் செய்யுங்கள். காலாவதித் தேதி போட்டிருக்கும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். ஆஃப்லைனில் கார் வழி மட்டும்தான் காட்டும். நடைவழியும் நெரிசலும் தெரியாது. நடைவழி வேண்டுமானால் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் தமிழ்நாட்டை இறக்கி வையுங்கள், அது முழுக்க நெட் இல்லாமல் ஓடும். வெள்ளம் ஏறிய சாலை எது என்று எந்த ஆஃப்லைன் மேப்புக்கும் தெரியாது. தென்பெண்ணை, கெடிலம் பாலங்களைத் தாண்டுவதற்கு முன் ஆளிடம் கேளுங்கள்.

இறக்கியபின் ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு முறை வழி கேட்டுப் பாருங்கள். மறுபடி நெட் வந்ததும் நெட்வொர்க் தேர்வு ஆட்டோமேட்டிக்கில் இருக்க வேண்டும். எப்போதோ மேனுவலில் வைத்துவிட்டு மறந்தவர்கள், டவர் திரும்பியபின்னும் நோ சர்வீஸ் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாற்ற முடியாதவை

ஜப்பான் ஐபோனில் கேமராச் சத்தம் சைலன்ட் மோடிலும் கேட்கலாம். வளைகுடாவில் வாங்கிய சில ஐபோன்களில் ஃபேஸ்டைம் இல்லாமலே வந்திருக்கும். அவை அந்த நாட்டுக்கென்று செய்த மாடலின் அமைப்பு, கடையில் காசு கொடுத்துத் தீராது. ஐபோனின் வாய்ஸ்மெயில் பகுதி இங்கே வெறுமையாக இருப்பதும் பழுதல்ல. போன் ஆன் ஆகும்போது வரும் வெளிநாட்டு நிறுவனத்தின் லோகோ அப்படியே இருக்கட்டும். அதற்காக ஃபிளாஷ் அடிக்க, அதாவது போனின் மென்பொருளையே மாற்றி ஏற்றக் கொடுத்து, வங்கிச் செயலிகள் திறக்காமல் போன போன்கள் உண்டு. அந்த நிறுவனத்தின் செயலிகள் தொந்தரவு செய்தால் ஆப்ஸ் பட்டியலில் ஒவ்வொன்றாக டிசேபிள் கொடுங்கள். ஒன்றை நிறுத்தி ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, காலும் ஹாட்ஸ்பாட்டும் ஒழுங்காக இருந்தால் அடுத்ததற்குப் போங்கள்.